பாவம் பாக்காம எழுப்பிடு

அவர் முதல்முறை என் தோளில் சாய்ந்து தூங்கியபோது அவர் யாரென்றே எனக்குத் தெரியாது. கல்லூரி திறந்த முதல் நாள். மரக்காணத்தில் திண்டிவனம் பஸ் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் ஒரு பெண்மணி வந்து உட்கார்ந்தார். நாற்பதைத் தாண்டியிருக்கும். இஸ்திரி போட்ட நூல் புடவை, படிய வாரிய எண்ணெய்த் தலை, மடியில் விலைச்சீட்டு பிய்த்த தடம் இன்னும் போகாத ஒரு பை. செருப்புக்குள் சாக்ஸ் போட்டிருந்தார். எங்கள் பக்கத்து வெயிலில் சாக்ஸ் போட்ட ஒரு பெண்ணை நான் அதுவரை பார்த்ததில்லை. பஸ் ஊரைத் தாண்டுவதற்குள் அவர் தலை என் மேல் விழுந்தது.

புதுச் சுடிதார் கசங்காமல் போய் இறங்க வேண்டும் என்பதுதான் அன்றைக்கு என் ஒரே கவலை. தோளை லேசாக அசைத்தேன். திடுக்கிட்டு நிமிர்ந்து, "தெரியாம சாஞ்சிட்டம்மா" என்றார். அடுத்த நிறுத்தத்துக்குள் மறுபடியும் சாய்ந்துவிட்டார்.

பிரம்மதேசம் தாண்டிக் கல்லூரி நிறுத்தத்தில் நான் எழுந்தபோது அவரும் அலறிப் புடைத்துக்கொண்டு எழுந்தார். இரண்டு பேரும் ஒன்றாக இறங்கினோம்.

"பொண்ண சேக்க வந்தீங்களா?" என்று கேட்டேன்.

"பொண்ணு கல்யாணம் ஆகிப் போயிடுச்சு. நான்தான் சேந்திருக்கேன். பி.ஏ. ஹிஸ்டரி. நீ?"

"நானும் ஹிஸ்டரிதாங்க."

"அப்ப நல்லதாப் போச்சு பாப்பா," என்றார். "தெனம் எழுப்பிவுட ஒரு ஆளு வேணும்."

அப்படித்தான் மூன்று வருடங்கள் அவரை எழுப்புகிற வேலை எனக்கு வந்து சேர்ந்தது.

எல்லோரும் அவரை அக்கா என்றுதான் கூப்பிட்டோம். அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அவருக்கே அது பழக்கமில்லாமல்தான் இருந்தது. ஊரில் அவர் இன்னாருடைய அம்மா, இன்னார் வீட்டுக்காரி. வகுப்பில் பெயரைப் படிக்கும்போது முதல் தடவை பதில் வராது. யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று உட்கார்ந்திருப்பார். நான் முழங்கையால் இடித்த பிறகுதான் "எஸ் சார்" வரும்.

அது ஒரு தனியார் கல்லூரி. வரலாற்றுக்குச் சேர வருகிறவர்கள் குறைவு. இவருடைய வயதைப் பார்த்துவிட்டு முதல்வர் பல்கலைக்கழகத்துக்கு எழுதிப் போட்டு அனுமதி வாங்கியதாகச் சொன்னார்கள். பள்ளிக்கூடத்தில் பன்னிரண்டாவது முடித்த மாதமே அக்காவுக்குக் கல்யாணம். அதற்குப் பிறகு மகளுக்கும் கல்யாணம் முடிந்த வருடம்தான் இந்தச் சேர்க்கை. நடுவில் இருந்த காலத்தைப் பற்றி அவர் பேசி நான் கேட்டதில்லை. பேசுகிற அளவுக்கு விழித்திருந்ததும் இல்லை.

இந்த வயதில் ஏன் படிக்க வந்தார் என்று எல்லோரும் கேட்பார்கள். கேட்கிற ஆளைப் பொறுத்துப் பதில் மாறும். கண்டக்டரிடம், "எதுனா ஆபீஸ் வேல கெடைக்காதா" என்பார். தமிழ் மிஸ் கேட்டபோது, "ஆசதான் மிஸ்" என்றார். உப்பளத்தில் அவரோடு வேலை செய்கிற பெண்களிடம் சொன்னதுதான் எனக்குப் பிடித்த பதில். "உப்புக் கூட தூக்கித் தூக்கிக் கால் விட்டுப்போச்சுடி. அங்க போனா சாயந்தரம் வரைக்கும் உக்கார வெக்கறாங்க." அவர்கள் சிரித்தார்களாம். இவரும் சிரித்தாராம். எனக்கு என்னவோ அந்தப் பதிலில்தான் பொய் குறைவு என்று தோன்றும்.

உப்பளத்து வேலை வெயில் ஏறுவதற்குள் முடிய வேண்டிய வேலை. விடிவதற்கு ரொம்ப முன்னாலேயே இறங்கிவிடுவார்கள். ஆண்கள் பலகையால் பாத்தியில் உப்பை வாரிக் கரையோரம் ஒதுக்க, பெண்கள் கூடையில் அள்ளித் தலையில் சுமந்து போய் மேட்டில் கொட்டுவார்கள். வெளிச்சம் வந்துவிட்டால் அந்த வெள்ளை கண்ணைப் பறிக்கும். அக்கா இறங்குவதற்கு முன்பே சோறு வடித்துக் குழம்பு வைத்துவிடுவார். வேலை முடிந்து வந்து, காலில் ஒட்டிய உப்பு போக நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவி, வெடிப்புகளில் தேங்காய் எண்ணெய் தடவி, அதன்மேல் சாக்ஸ் மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடி வருவார். சாக்ஸுக்குக் காரணம் அதுதான். எங்கள் வகுப்புப் பெண்கள் முதலில் அதை ஒரு ஸ்டைல் என்று நினைத்தார்கள்.

மழைக்காலத்தில் உப்பளம் தண்ணீரில் கிடக்கும். அப்போதாவது ஓய்வா என்றால் அதுவும் இல்லை. நடவுக்குப் போவார், களை எடுக்கப் போவார். சேற்றுக்கு சாக்ஸ் வேண்டியதில்லை என்பது மட்டும்தான் வித்தியாசம்.

அவர் வீட்டுக்காரர் லாரிக்கு உப்பு மூட்டை ஏற்றுகிறவர். முதுகு போய்விட்டது. ஏற்றிய நாளைக்கு மறுநாள் எழுந்திருக்க முடியாது. கல்லூரியில் சேருவதைப் பற்றிக் கேட்டபோது அவர் சொன்னாராம், "போவறதுன்னா போ. ஆனா ஊட்ல எதுவும் நிக்கக் கூடாது."

அக்கா இதை என்னிடம் குறையாகச் சொல்லவில்லை. ஒப்பந்தம் போலச் சொன்னார். "நியாயந்தான பாப்பா? அவரு போவாதன்னு சொல்லலியே."

எதுவும் நிற்கவில்லை. சோறு, துணி, தண்ணீர், மாடு, உப்பளம் எல்லாம் முன்பு போலவே நடந்தன. அவருடைய தூக்கம் மட்டும்தான் நின்றது. அதை அவர் பஸ்ஸிலும் வகுப்பிலும் வந்து எடுத்துக்கொண்டார்.

அவர் தூங்குகிற விதத்தை நான் எங்கே வேண்டுமானாலும் அடையாளம் சொல்வேன். பையின் வாரை மணிக்கட்டில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொள்வார். முதுகு நிமிர்ந்திருக்கும். வாய் மூடியிருக்கும். புருவங்கள் கொஞ்சம் நெருங்கியிருக்கும், எதையோ கவனமாகக் கேட்கிற மாதிரி. தெரியாதவர்கள் பார்த்தால் கண்ணை மூடிக்கொண்டு யோசிக்கிறார் என்றுதான் நினைப்பார்கள். வரலாற்று சாரும் முதல் சில நாட்கள் அப்படித்தான் நினைத்தார்.

சாருக்கும் அக்காவுக்கும் ஏறக்குறைய ஒரே வயது. விழுப்புரத்திலிருந்து தினமும் வந்து போகிறவர். ஒரு நாள் பாடத்தை நிறுத்திவிட்டு அக்கா முன்னால் வந்து நின்றார். வகுப்பு அமைதியானதும் அக்கா விழித்துக்கொண்டார்.

"நான் என்ன நடத்திட்டு இருந்தேன்?"

"தெரியல சார். தூங்கிட்டேன்."

வகுப்பு சிரித்தது. அக்காவும் சிரித்தார். சாருக்கு அது பிடிக்கவில்லை. "போய் மூஞ்சி கழுவிட்டு வாங்க" என்றார். அக்கா போய்க் கழுவி, முந்தானையால் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். சார் பலகையில் எழுதிவிட்டுத் திரும்புவதற்குள் மறுபடியும் அந்தப் புருவங்கள் நெருங்கிவிட்டன.

மதியம் ஆசிரியர் அறைக்கு வரச் சொல்லி ஆள் அனுப்பினார். துணைக்கு நானும் போனேன். சார் டிபன் பாக்ஸை மூடி வைத்துவிட்டு, "வீட்டுல தூங்கிட்டு வரக் கூடாதாம்மா?" என்று கேட்டார். கோபம் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"ஊட்ல படுத்தா ஒடம்புக்கு இன்னான்னு கேப்பாங்க சார். ஒடம்புக்கு ஒண்ணும் இல்லன்னா, அப்புறம் ஏன் படுத்திருக்கேன்னு கேப்பாங்க."

சார் சொன்னார், "சரி. நாளையிலேருந்து கடைசி பெஞ்சுல செவுத்து ஓரமா உக்காருங்க. கீழ விழுந்துடாதீங்க."

வெளியே வந்ததும் அக்கா, "நல்ல மனுஷன்" என்றார். அதில் பெரிய சந்தோஷம் தெரியவில்லை. ஏன் என்பது எனக்குக் கொஞ்ச நாள் கழித்துத்தான் புரிந்தது.

முதல் வருடத்தில் ஒரு நாள் எனக்குக் காய்ச்சல். நான் போகவில்லை. அக்கா தனியாகப் பஸ் ஏறியிருக்கிறார். அன்றைக்கு உள்தேர்வு. பஸ் கல்லூரி நிறுத்தத்தில் நின்றது, கிளம்பியது, திண்டிவனம் பஸ் நிலையத்துக்கே போய்விட்டது. எல்லோரும் இறங்கிய பிறகும் அக்கா தூங்கிக்கொண்டிருந்திருக்கிறார். கண்டக்டர் தெரிந்தவர்தான். அந்தக் காலி பஸ்ஸில் ஜன்னல் திரையை வேறு இழுத்துவிட்டு, டீ குடிக்கப் போய்விட்டார். அக்கா விழித்துப் பார்த்து, அடித்துப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தபோது தேர்வு முடிந்திருந்தது.

மறுநாள் அதே பஸ். கண்டக்டர் தலையைச் சொறிந்துகொண்டு வந்தார். "நல்லா அசந்து தூங்கினு இருந்தீங்களா, பாவமா இருந்துச்சு. அதான் எழுப்பல."

அக்கா அவரைத் திட்டவில்லை. குரல்கூட உயரவில்லை. "நீங்க பாவம் பாத்தீங்க, எனக்குப் பரீட்ச போச்சு" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "பாரு பாப்பா, கெட்டவங்க தட்டி எழுப்பிடறாங்க. நல்லவங்கதான் பாவம் பாத்து வுட்டுடறாங்க. நீ மட்டும் எனக்குப் பாவம் பாக்காத. பாவம் பாக்காம எழுப்பிடு."

அதற்குப் பிறகு நான் பாவம் பார்க்கவில்லை. தோளைப் பிடித்து உலுக்குவேன். தொடையில் கிள்ளுவேன். சார் முக்கியமாக எதையாவது சொல்லும்போது பேனா முனையால் கையில் குத்துவேன். வகுப்பில் ஒருத்தி, "ஏண்டி, அம்மா வயசு அவங்களுக்கு, இப்படியா பண்றது" என்று என்னைக் கடிந்துகொண்டாள். அக்கா கையைத் தேய்த்துக்கொண்டே, "அவ கரெக்டாத்தான் பண்றா, நீ உன் வேலயப் பாரு" என்றார்.

அவர் எப்போது படிப்பார் என்பது ஒரு பிரச்சினை. மதியம் சாப்பிடும்போது நான் சத்தம் போட்டு வாசிக்க வேண்டும், அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்பார். பாதியில் கை அப்படியே நிற்கும். பார்த்தால் தூங்கியிருப்பார். ஒரு நாள் எழுப்பியதும் வாயில் இருந்ததை மென்று விழுங்கிவிட்டுச் சொன்னார், "எந்த ராஜாவும் எனக்குச் சாவல பாப்பா. எல்லாரும் பட்டத்துக்கு வர்றாங்க. அத்தோட நான் தூங்கிடறேன்."

ஆனாலும் முதல் வருடம் உட்கார்ந்த ஒவ்வொரு தேர்விலும் ஏதோ எழுதினார், ஏதோ ஒரு மதிப்பெண்ணில் தேறினார். அவர் தூக்கத்திலேயே எல்லாவற்றையும் கேட்டு வைத்திருந்தார் என்று யாராவது கதை கட்டினால் நம்ப வேண்டாம். தூங்கினால் தூங்கினதுதான். கேள்வி கேட்டால் தெரியாது என்பார். விழித்திருந்த கொஞ்ச நேரத்தில் பிடித்துக்கொண்டதை வைத்துத்தான் எழுதினார்.

இரண்டாம் வருடம் தை மாதத்துக்குப் பிறகு ஒரு காலை, பஸ்ஸில் அக்கா தூங்கவில்லை. பிரம்மதேசம் வந்தது. அப்போதும் தூங்கவில்லை. முன் சீட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு அந்தக் கம்பியையே பார்த்துக்கொண்டு வந்தார். வகுப்பிலும் சுவரோரம் கண்ணைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். சார்கூட ஒருமுறை திரும்பிப் பார்த்தார். அவர் தூங்காமல் இருந்ததைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

"என்னக்கா?"

"பொண்ணுக்கு வளகாப்பு முடிஞ்சு கூட்டியாந்துட்டோம்."

"நல்ல விஷயந்தான?"

"சித்திரையில நாள் சொல்லியிருக்காங்க. அப்பதான நமக்குப் பரீட்ச."

தலைப்பிரசவம் அம்மா வீட்டில்தான். அதில் யாருக்கும் இரண்டாவது கருத்து இல்லை, அக்கா உட்பட. "நிறுத்தச் சொல்றாங்களாக்கா?" என்று கேட்டேன்.

"யாரும் ஒண்ணும் சொல்லல," என்றார். "நானா நிறுத்திடுவேன்னு எல்லாரும் இருக்கறாங்க. சொன்னாவாச்சும் பதில் சொல்லலாம்."

அவர் மகளை நான் ஒருமுறைதான் அதற்கு முன்பு பார்த்திருக்கிறேன். என்னைவிட மூன்று நான்கு வயது பெரியவள். அம்மா படிக்கப் போவது அவளுக்குப் பிடிக்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. புகுந்த வீட்டில் கேலி. "உங்கம்மா எந்த வருஷம்மா டாக்டர் ஆவப்போவுது" என்று மாமனார் கேட்பாராம்.

பிரசவ வலி தேர்வுக்கு இரண்டு மூன்று நாள் முன்னால் வந்தது. புதுச்சேரிக்குக் கொண்டுபோனார்கள். சிசேரியன். பெண் குழந்தை. அக்கா வார்டுக்கு வெளியே தரையில் துண்டை விரித்துப் படுத்திருக்கிறார். படுத்தார் என்றுதான் சொல்ல வேண்டும். நர்ஸ் எப்போது கூப்பிடுவாரோ என்று கண்ணை மூடவில்லை. தேர்வு நாள் காலை, மகளின் மாமியாரிடம், "கொஞ்சம் பாத்துக்கங்க சம்மந்தி, மதியத்துக்கு மேல வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார். மகள் தூங்கிக்கொண்டிருந்தாளாம். அவளை எழுப்பிச் சொல்லவில்லை.

தேர்வறைக்குள் அவர் நுழைந்தபோது என்னாலேயே நம்ப முடியவில்லை. கட்டியிருந்த புடவை கசங்கி, மருத்துவமனை வாசனையோடு வந்தார். காலில் சாக்ஸ் இல்லை. வெடிப்புகள் தெரிந்தன. என்னைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டிவிட்டு, இரண்டு வரிசை தள்ளி அவருடைய இடத்தில் உட்கார்ந்தார். ஐரோப்பிய வரலாறு. கேள்வித்தாள் கொடுத்தார்கள். எழுத ஆரம்பித்தோம்.

நான் மூன்றாவது பக்கத்தில் இருந்தபோது நிமிர்ந்து பார்த்தேன். அக்காவின் பேனா தாளின்மேல் நின்றிருந்தது. முதுகு நிமிர்ந்திருந்தது. புருவங்கள் நெருங்கியிருந்தன.

மேற்பார்வைக்கு வந்தவர் வேறு துறையைச் சேர்ந்த இளம் ஆசிரியர். அவர் அக்காவைக் கடந்து போனார். நின்றார். பார்த்தார். பார்த்துவிட்டு, செருப்புச் சத்தம் கேட்காமல் மெதுவாக நகர்ந்து போனார். அவர் முகத்தில் அந்தப் பாவம் அப்படியே தெரிந்தது.

நான் இருமினேன். பெஞ்சைத் தட்டினேன். ஸ்கேலைக் கீழே போட்டேன். ஆசிரியர் என்னை ஒருமுறை முறைத்தார். கடிகாரத்தைப் பார்த்தேன். எழுதவும் முடியவில்லை. ஏற்கெனவே எழுதிய வரியையே திரும்ப எழுதிக்கொண்டிருந்தேன். அதற்குமேல் பொறுக்க முடியாமல் வாய்விட்டுக் கத்திவிட்டேன்.

"அக்கா! எழுந்திரிக்கா!"

அறை முழுக்கத் திரும்பியது. ஆசிரியர் ஓடி வந்தார். "யாரும்மா நீ? வெளிய அனுப்பிடுவேன்."

"அவங்க தூங்கறாங்க சார்."

"தூங்கினா தூங்கட்டும். அவங்களே முடியாம உக்காந்திருக்காங்க. உனக்கு இன்னா?"

"எழுப்பச் சொல்லியிருக்காங்க சார்."

என் விடைத்தாளைப் பிடுங்கி மேசையில் வைத்துவிட்டு என்னை மூலையில் நிற்க வைத்தார். நின்ற இடத்திலிருந்து அக்காவைப் பார்த்தேன். அவர் விழித்திருந்தார். என் பக்கம் திரும்பவே இல்லை. தலையைக் குனிந்துகொண்டு, நேரம் போய்விட்டதென்று தெரிந்தவர்கள் எழுதுகிற வேகத்தில் எழுதிக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து ஆசிரியர் மனமிறங்கி என் தாளைக் கொடுத்தார்.

வெளியே வந்ததும் அக்கா கேட்டது ஒரே கேள்வி. "எம்மாம் நேரம் தூங்கினேன்?"

"கொஞ்ச நேரந்தான்க்கா."

"பொய் சொல்லாத."

"பாதி நேரம் இருக்கும்."

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அழப்போகிறார் என்று நினைத்தேன். "நல்லாத் தூங்கினேன் பாப்பா," என்றார். "ரொம்ப நாளாச்சு இப்படித் தூங்கி." சொல்லிவிட்டுச் சாலையைக் கடந்து, புதுச்சேரிக்குப் போகத் திண்டிவனம் பஸ்ஸை எதிர்பார்த்து நின்றார்.

அன்றைக்கு மருத்துவமனையில் நடந்ததைப் பிறகுதான் சொன்னார். அவர் இல்லாத நேரத்தில் குழந்தைக்கு மஞ்சள் காமாலை என்று எடுத்துக்கொண்டு போய் நீல விளக்கின் கீழ் வைத்திருக்கிறார்கள். பிறந்த குழந்தைகளுக்கு அடிக்கடி வருவதுதான், இரண்டு நாளில் சரியாகிவிட்டது. ஆனால் தையல் போட்ட வயிற்றோடு படுத்திருந்த பெண்ணுக்கு அது எப்படித் தெரியும்? குழந்தை பக்கத்தில் இல்லை, அம்மாவும் இல்லை. மாமியாருக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அவள் அழுது, பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லாம் வந்து பார்த்திருக்கிறார்கள்.

அக்கா போய்ச் சேர்ந்தபோது மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். குழந்தையைப் பார்க்க வந்த ஒவ்வொருவரிடமும் சொன்னாள். "எல்லாரு அம்மாவும் பக்கத்துல ஒக்காந்திருக்காங்க. எங்கம்மா என்ன ஆஸ்பத்திரில வுட்டுட்டுப் பரீட்ச எழுதப் போச்சு." அந்தக் குழந்தைக்குப் பெயர் வைத்து, புகுந்த வீட்டுக்குத் திரும்பிப் போகிறவரை அம்மாவிடம் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. அக்கா அவளுக்குப் பத்தியச் சமையல் செய்து, குழந்தையைக் குளிப்பாட்டி, துணி அலசிப் போட்டு, உப்பளத்துக்கும் போனார். மீதியிருந்த தேர்வுகளை எழுதவில்லை.

மூன்றாம் வருடம் தொடங்கியபோது அவர் பஸ்ஸில் ஏறினார். இளைத்திருந்தார். உட்கார்ந்ததும் தூங்கவில்லை. "அன்னிக்குப் போனது தப்புன்னு நெனைக்கறியாக்கா?" என்று நான் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாதோ என்னவோ.

"தப்பா சரியான்னு எனக்குத் தெரியல. ரெண்டு பக்கமும் கூப்டாங்க. ஒரு பக்கம் போனேன். போன எடத்துலயும் தூங்கிட்டேன்." பை வாரை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டார். "அவ்ளோதான் பாப்பா."

தேர்வு முடிவு வந்தபோது ஐரோப்பிய வரலாறு போயிருந்தது. அவ்வளவும் செய்து எழுதிய ஒரே தாள், அதுவும் போயிற்று. வீட்டுக்காரரிடம் எப்படிச் சொல்வது என்று அக்கா ஒரு வாரம் தள்ளிப்போட்டார். கடைசியில் சோறு போடும்போது சொல்லியிருக்கிறார். அவர் சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு கேட்டாராம், "மறுக்கா எப்ப எழுதணும்?"

மறுதேர்வு மழைக்காலத்தில் வந்தது. அந்தக் காலை அவர் எழுந்து பார்த்தபோது வீட்டுக்காரர் கடையிலிருந்து இட்லிப் பொட்டலம் வாங்கி வந்து வைத்திருந்தார். "இன்னிக்கு ஊட்ல அடுப்பே பத்த வெக்கல பாப்பா" என்று பஸ்ஸில் என்னிடம் சொன்னார். ஏதோ நடக்கக் கூடாதது நடந்துவிட்டது போல, குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

அந்தத் தாளில் தேறினார். விட்டுப்போன மற்றவற்றையும் ஒவ்வொன்றாக எழுதி முடிக்க, நாங்கள் எல்லாம் கல்லூரியை விட்டுப் போன பிறகும் அவருக்குக் கொஞ்ச காலம் ஆனது. பட்டமளிப்பு விழா நாளில் பேத்திக்குக் காய்ச்சல், போகவில்லை. பட்டம் கல்லூரி அலுவலகத்திலேயே கிடந்தது.

நான் இப்போது குயிலாப்பாளையத்தில் ஒரு கெஸ்ட் ஹவுஸில் வரவேற்பு மேசையில் இருக்கிறேன். ஆரோவில் பார்க்க வருகிறவர்கள் எந்த நேரத்திலும் வந்து இறங்குவார்கள், அந்த நேரத்துக்குச் சிரிக்க வேண்டும். வேலை முடிந்து பஸ்ஸில் உட்காரும்போது எனக்கும் கண் சொருகுகிறது. பட்டம் வாங்கினால் இந்தக் களைப்பெல்லாம் இருக்காது என்று எனக்கு அப்போது யாரோ சொல்லியிருந்தார்கள். அக்கா அப்படி ஒருநாளும் சொன்னதில்லை.

போன ஐப்பசியில் அவர் போன் செய்தார். "பட்டத்த வாங்கியாரணும். நீயும் வர்றியா?"

விடுப்பு எடுத்துக்கொண்டு போனேன். மரக்காணம் நிறுத்தத்தில் நின்றிருந்தார். தலை பாதி நரைத்திருந்தது. மூட்டு தேய்ந்து உப்பளத்துக்குப் போவதை நிறுத்தி ஒரு வருடம் ஆகிறதாம். வீட்டுக்காரரும் மூட்டை ஏற்றுவதில்லை, ஓரிடத்தில் வாட்ச்மேனாக இருக்கிறார். அக்காவுக்கு வேலை எதுவும் கிடைக்கவில்லை. மகள் பக்கத்து ஊர் என்பதால் பேத்தியைக் கொண்டுவந்து விட்டுவிட்டு வேலைக்குப் போகிறாள். பகலில் பேத்தி தூங்கும்போது இவரும் கூடப் படுத்துக்கொள்கிறார். யாரும் ஒன்றும் கேட்பதில்லையாம்.

"பொண்ணு பேசறாளாக்கா?"

"நல்லாப் பேசறா. அன்னிக்கு அவ மாமியார் ஊட்டு விசேஷத்துல எல்லாருகிட்டயும் சொல்லினு இருந்தா. எங்கம்மா என்ன ஆஸ்பத்திரில வுட்டுட்டுப் பரீட்ச எழுதப் போச்சு தெரியுமான்னு. பெருமையாச் சொல்றா." அக்கா பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்தார். "அப்பவும் அதயேதான் சொன்னா. ஒரு வார்த்த மாறல. எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் கேக்குது பாப்பா."

பஸ் வந்தது. ஏறினோம். நான் வழக்கம் போல ஜன்னல் பக்கம் நகர்ந்து உட்கார்ந்து, தோளைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டேன். அவர் சாயவில்லை. வாங்கப்போகிற பட்டத்தைப் பற்றி ஏதாவது பேசுவார் என்று பார்த்தேன். அதுவும் இல்லை. பேத்தி பால்வாடியில் பண்ணுகிற சேட்டையைச் சொல்லிக்கொண்டே வந்தவர், பாதி வாக்கியத்தில் நின்றுவிட்டார். என்னைத் தாண்டி வெளியே பார்த்தார்.

"பாப்பா, இது இன்னா ஏரி?"

திரும்பிப் பார்த்தேன். இரண்டு நாள் மழையில் ஏரி நிரம்பிக் கரை வரைக்கும் தளும்பிக்கொண்டிருந்தது. நடுவில் கருவேல மரங்கள் இடுப்பளவு தண்ணீரில் நின்றன. வெள்ளை வெள்ளையாய்க் கொக்குகள்.

"பேரு தெரியலக்கா. எப்பவும் இங்கதான் இருக்குது."

"எப்பவுமா? நாம காலேஜ் போவும்போதும் இருந்துச்சா?"

"அப்பவும் இருந்துச்சுக்கா. தெனமும் இது பக்கமாத்தான் போவோம்."

அவர் எழுந்து நின்றார். "கொஞ்சம் தள்ளு, நான் அந்தப் பக்கம் உக்காந்துக்கறேன்" என்றார். ஓடுகிற பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு இடம் மாறி உட்கார்ந்து, ஜன்னல் கண்ணாடியை முழுக்கத் தள்ளினார். தூறல் முகத்தில் அடித்தது. முன் சீட்டுக்காரர் திரும்பி, "யம்மா, தண்ணி உள்ள வருது" என்றார். அக்காவுக்குக் காதில் விழவில்லை. ஏரி முடிந்து வயல் வந்தது, வயல் முடிந்து பனை மரங்கள் வந்தன, பிறகு ஒரு கோயிலின் மதில், ஒரு செங்கல் சூளை, மறுபடியும் தண்ணீர். ஒவ்வொன்றுக்கும் கழுத்தைத் திருப்பிப் பின்னால் போகிறவரை பார்த்தார்.

"இவ்ளோ இருக்குதா இந்த ரோட்டுல" என்றார்.